செபநாயகம் கொடுத்த பதினொரு போன்

செபநாயகத்தின் தகப்பன் ஒரு சம்மாட்டிக்கு முந்நூற்று நாற்பது ரூபா கடன்பட்டிருந்தார். அறுபத்து நான்காம் ஆண்டு மார்கழிப் புயலில் வலைகள் எல்லாம் கடலோடு போனபின் வாங்கிய முற்பணம் அது. படகும் வலையும் வைத்துத் தொழில் நடத்துகிற முதலாளியைத்தான் யாழ்ப்பாணத்துக் குருநகரில் சம்மாட்டி என்பார்கள். அவரிடம் வாங்குகிற முற்பணம் மற்ற ஊர்க் கடனைப் போன்றதல்ல. வட்டி கிடையாது, வாசலில் வந்து நின்று கேட்பவனும் கிடையாது. வாங்கின வீட்டிலிருந்து ஓர் ஆள் சம்மாட்டியின் வாடியில், அதாவது கடற்கரையில் மீனும் நண்டும் சேர்க்கிற கொட்டிலில், வேலைக்கு நிற்க வேண்டும். கூலியில் பாதி கைக்கு வரும், பாதி கடனில் கழியும். எவ்வளவு கழிந்தது என்று வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஈஸ்டருக்கு முன்வருகிற பெரிய வியாழனுக்கு முதல் நாள், பார்ப்பார்கள். இடையில் கேட்டால் அது மரியாதைக் குறைவு. பாதியில் சம்மாட்டியே கடனை விட்டுவிட்டால் அது அதைவிட மோசம். உன் முகத்தில் இனி முழிக்க மாட்டேன் என்று அவர் சொன்னதாகத்தான் கருத்து.

அந்தக் கடனுக்காகப் பத்து வயதுச் செபநாயகம் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை வைத்துவிட்டு வாடிக்குப் போனார். கடன் முடிந்த அன்று அவருக்குப் பதினாறு வயது. கூடப் படித்தவர்கள் காற்சட்டை நீளம் வைத்துப் பெரிய வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு, தானே ஒரு சம்மாட்டியாகும் வரை அவர் எழும்பின எழும்பல் ஊருக்கே தெரியும். நண்டை ஐஸ் பெட்டியில் அடுக்கி லொறியில் கொழும்புக்கு அனுப்பலாம் என்று குருநகரில் முதலில் செய்து காட்டியவர் அவர்தான். பின்னால் வந்தவர்கள் எல்லாம் பார்த்துச் செய்தவர்கள், இதில் யாரும் வாதாட வரவேண்டாம். சண்டைக் காலத்தில் மூன்று முறை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார். மூன்று முறையும் திரும்பி வந்து வெறுங்கையோடு தொடங்கினார். ஒழுங்கைக்குள் முதலில் மேல்மாடி எழுப்பியதும் அவருடைய வீடுதான். நண்டுக் கம்பனியின் ஆங்கிலக் கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே பேரம் பேசி, கிலோவுக்கு நாற்பது ரூபா கூட வாங்கினார் என்று ஒரு கதையும் உண்டு. அவர் அதை மறுத்ததில்லை.

“என்னண்டு மறுப்பார்? அந்தக் கதையைக் கட்டிவிட்டதே உவர்தானே” என்பார் அவருடைய மனைவி செபஸ்தியம்மா.

இப்படியிருக்கையில்தான் கொரோனா வந்தது. இரண்டாயிரத்து இருபதில் பூட்டின பள்ளிக்கூடம் திறந்து, பூட்டி, மறுபடி திறந்து, இருபத்தோராம் ஆண்டு சித்திரை முடிவில் ஒரேயடியாகப் பூட்டிக்கொண்டது. பாடமெல்லாம் போனில் என்றார்கள். போன் இல்லாத பிள்ளைகள் இறங்குதுறைப் பக்கம் பட்டம் விட்டுக்கொண்டு திரிந்தார்கள். செபநாயகத்துக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கோயில் ஒலிபெருக்கியில் பின்னேரச் செபமாலை போகிற நாட்கள் அவை. பங்குத்தந்தையிடம் ஐந்து நிமிஷம் கேட்டு வாங்கி, முக்கால் மணி நேரம் பேசினார். பள்ளிக்கூடம்தான் பூட்டு, புத்தகம் பூட்டில்லை, வாத்தியார் இல்லாத வகுப்பிலும் கரும்பலகை நிற்கும், விடாமல் படியுங்கள் என்றார். அதோடு நின்றிருந்தால் நல்லது. தான் ஐந்தாம் வகுப்போடு நின்றும் எந்த உயரத்துக்கு வந்தேன் என்பதையும் விலாவாரியாகச் சொல்லி முடித்தார்.

“படிக்கச் சொன்னியளோ, படிக்க வேண்டாம் எண்டு சொன்னியளோ?” என்று செபஸ்தியம்மா வீட்டில் கேட்டார். செபநாயகம் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் பட்டணத்திலிருந்து பதினொரு போன் வாங்குவித்தார். ஒன்று இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு. மொத்தம் இரண்டு இலட்சத்து அறுபத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபா. கணக்கு மனத்திலேயே வந்தது, அவருக்குக் காகிதம் தேவையில்லை. பதினோராம் வகுப்பு முடிவில் வருகிற சாதாரண தரப் பரீட்சையை அந்த வருஷம் எழுத இருந்த பதினொரு பிள்ளைகளைப் பெற்றோரோடு வாசலுக்குக் கூப்பிட்டு, மாஸ்க்கோடு தள்ளித் தள்ளி நிற்கவைத்து, ஒவ்வொருவராகக் கொடுத்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படமும் எடுத்தார். பிறகு யார் யாருக்குக் கொடுத்தேன் என்பது நாளைக்குத் தெரியவேண்டுமே என்று பதினொரு பெயரையும் எழுதி வைத்தார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு கொப்பி. நீல மட்டை போட்டது. வாடி ஆட்களுக்குக் கொடுக்கிற முற்பணத்தை எழுதுகிற கொப்பி.

அன்று போன் வாங்கின ஆட்களில் சுபாஸ் என்பவன் ஒருத்தன். சின்னப் படகில் நண்டு வலை போடுகிறவன், பதினாறு வயது ஜெசிதாவின் தகப்பன். அவன் மட்டும் மெதுவாகக் கிட்ட வந்து, சம்மாட்டியார், இது எப்படிக் கழிக்கிறது என்று கேட்டான். செபநாயகம் படத்துக்குச் சிரித்தபடியே, “அதைப் பிறகு பாப்பம், நீ பிள்ளையைப் படிக்க விடு” என்றார்.

அந்த நாட்களில் அவர் வாடிப் பக்கம் போவதில்லை. அறுபத்தேழு வயது, உடம்பில் சீனி வருத்தம் வேறு. வெளியே இறங்கினால் எண்ணிப் பத்து நாளில் சவப்பெட்டிதான் என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லிவிட்டுப் போனதும் செபஸ்தியம்மா படலைக்குப் பூட்டுப் போட்டார். வாடியைத் தங்கச்சியின் மகன் றோய் பார்த்துக்கொண்டான். இவர் மேல்மாடியில் இருந்து போனில் விலை கேட்பதும் திட்டுவதுமாக நாலரை மாதம் போயிற்று.

ஐப்பசி முடிகிற நேரம், ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், தர்சினி ரீச்சர் அவருக்குப் போன் எடுத்தார். பதினோராம் வகுப்புக் கணித ரீச்சர். பள்ளிக்கூடம் திறக்கப் போவதாகவும், பரீட்சை விண்ணப்பத்தில் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் வந்து கையெழுத்து வைக்கவேண்டும் என்றும் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

“ஐயா குடுத்த போனிலை எட்டுப் பிள்ளையள் ஒழுங்கா வகுப்புக்கு வருகினம். மூண்டு பேர் ஆனியிலை இருந்தே வாறேல்லை. ஜெசிதா எண்ட பிள்ளை என்ரை வகுப்பிலை முதலாவதா வந்தவள். தாயைக் கேட்டால், அடுத்த வருஷம் எழுதுவாள் எண்டு சொல்லுறா. அடுத்த வருஷம் எண்டு நிண்ட பிள்ளையள் ஒருத்தரும் திரும்பி வந்ததை நான் காணேல்லை, ஐயா.”

செபநாயகத்துக்கு மண்டைக்குள் சூடேறியது. போனில் படம் பார்க்கிறார்கள், விளையாடுகிறார்கள், வேறென்ன. நாளைக்கே போய் மூன்று போனையும் பிடுங்குகிறேன் என்று ரீச்சருக்கு வாக்குக் கொடுத்தார். விடிந்ததும் படலைப் பூட்டின் திறப்பைத் தேடி எடுத்து, செபஸ்தியம்மா பின்னால் கத்தக் கத்த, மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டார்.

சுபாஸின் வீட்டில் அவனுடைய மனைவி ஸ்ரெல்லாதான் நின்றாள். சுபாஸ் கடலுக்குப் போய் இன்னும் கரைக்கு வரவில்லை. எங்கே உன் மகள், படுத்திருந்து போன் பார்க்கிறாளோ என்று செபநாயகம் வாசலிலேயே சத்தம் வைத்தார். ஸ்ரெல்லா பயந்துபோய், அவள் வேலைக்குப் போய்விட்டாள் என்றாள்.

“வேலைக்கோ? எங்கை?”

“என்ன சம்மாட்டியார், தெரியாத மாதிரிக் கேக்கிறியள். உங்கடை வாடிக்குத்தான்.”

மோட்டார் சைக்கிளை எப்படித் திருப்பினார் என்பது அவருக்குப் பிறகு ஞாபகத்தில் இல்லை. கடற்கரை வீதியில் எதிரே வந்த ஓட்டோக்காரன் கும்பிட்டுச் சுகம் விசாரித்தான், அவர் அவனைக் கண்டுகொள்ளவில்லை.

வாடிக்குள் வழக்கமான காலை. ஐஸ் உடைக்கிற சத்தம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாக இருந்து வலையில் சிக்கின நண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையின் கடைசியில், கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டி ஒன்றில் ஜெசிதா இருந்தாள். பக்கத்தில் இரண்டு பெடியள். அவர்களுக்கும் அவர்தான் போன் கொடுத்தார். ஜெசிதாவின் விரல் நுனியெல்லாம் நண்டுக் கால் கிழித்த கோடுகள், சிலது பழையது, சிலது அன்றையது. தலைக்கு மேலே, கூரையைத் தாங்குகிற கப்பில் ஒரு பொலித்தீன் பை கட்டியிருந்தது. அதற்குள் போன். போனுக்குள் தர்சினி ரீச்சரின் குரல். முந்தின நாள் வகுப்பில் சொன்ன இருபடிச் சமன்பாட்டை யாரோ கூட்டாளிப் பிள்ளை பதிந்து அனுப்பியிருந்தாள். ரீச்சர் ஒரு படி சொல்லி நிறுத்துகிற இடத்தில் ஜெசிதாவின் உதடு மெல்ல அசைந்தது, கை நண்டைக் கழற்றியது.

செபநாயகம் “றோய்” என்று சத்தம் வைத்தார்.

றோய் ஓடி வந்தான். “மாமா, நீங்கள் ஏன் வெளிக்கிட்டனீங்கள்?”

யார் இந்தப் பிள்ளைகளை வேலைக்குக் கூப்பிட்டது என்று அவர் கேட்டார். யாரும் கூப்பிடவில்லை, அவர்களாகத்தான் வந்தார்கள் என்றான் றோய். கொப்பியில் பெயர் இருந்தது, முற்பணம் வாங்கின வீட்டுப் பிள்ளைகள் என்று நானும் வைத்துக்கொண்டேன், ஐந்நூறு கூலியில் பாதியைக் கையில் கொடுத்து மற்றப் பாதியைக் கழிக்கிறேன், வழக்கம்தானே என்றான். போய் நீலக் கொப்பியை எடுத்து வந்து விரித்தும் காட்டினான்.

“உங்கடை கையெழுத்துத்தானே, மாமா.”

அவருடைய கையெழுத்துத்தான். எழுத்து எழுத்தாகக் குத்தி எழுதின பதினொரு பெயர். அதில் எட்டுப் பேர் மேசன், தையல்காரர், ஓட்டோக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு முற்பணமும் தெரியாது, பெரிய வியாழனும் தெரியாது. அன்பளிப்பை அன்பளிப்பாக வாங்கிக்கொண்டு போய்ப் படித்தார்கள். கடற்றொழில் வீட்டுக்காரர் மூன்று பேர் மட்டும், சம்மாட்டி கொடுத்தார், கொப்பியில் எழுதினார், பிறகு பார்ப்போம் என்றார் என்பதை எல்லாம் சேர்த்துப் பார்த்து, விளங்கவேண்டிய மாதிரி விளங்கிக்கொண்டார்கள். அவருடைய சொந்தச் சனம். அவர் பிறந்து வளர்ந்த வழக்கம். ஐந்து வயதுக் குருநகர்ப் பிள்ளைக்குத் தெரிந்தது, நாற்பது வருஷம் சம்மாட்டியாக இருந்தவருக்குப் படத்துக்குச் சிரிக்கிற நேரம் தெரியாமல் போயிற்று.

பிழையைத் திருத்துகிறதையும் அவர் சரியாகச் செய்யவில்லை. ஆத்திரத்தில், கடனுமில்லை ஒன்றுமில்லை, மூன்று பேரும் வீட்டுக்குப் போங்கள், இந்தப் பக்கம் காணக்கூடாது என்று கத்திவிட்டார். ஐஸ் உடைத்தவன் கையை நிறுத்தினான். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜெசிதா எழும்பி, பொலித்தீன் பையை அவிழ்த்துக்கொண்டு போனாள்.

அன்று பின்னேரம் சுபாஸ் படலையில் வந்து நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. கதிரை போட்டும் இருக்கவில்லை.

“நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள், சம்மாட்டியார்? பிள்ளை ஒரு நாள் பிந்தி வந்தவளோ? ஒரு நண்டு களவெடுத்தவளோ? எல்லாருக்கும் முன்னாலை கடன் இல்லை, போ எண்டு சொல்லியிருக்கிறியள்.”

அது கடனே இல்லை, சும்மா கொடுத்தது என்று செபநாயகம் விளங்கப்படுத்தப் பார்த்தார். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அவனுடைய முகம் இறுகியது.

“தருமம் எண்டால் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். நான் போனைக் கும்பிட்டுத் திருப்பித் தந்திருப்பன். நான் கேட்டனான், நீங்கள் பிறகு பாப்பம் எண்டியள். இப்ப கொரோனாவுக்குப் பிச்சை வாங்கின குடும்பம் எண்டு என்ரை பிள்ளை பேர் எடுக்கவோ? அவள் வருவாள். பெரிய வியாழன் வரைக்கும் நிப்பாள். சோதினை அடுத்த வருஷமும் வரும்தானே.”

சொல்லிவிட்டுப் போய்விட்டான். செபஸ்தியம்மா தேத்தண்ணீரை வைத்துவிட்டு, “ஒலிபெருக்கியிலை முக்கால் மணித்தியாலம் கதைச்ச மனிசன், இது இனாம் எண்ட ஒரு சொல்லை மறந்து போனார்” என்றார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் வாடிக்குப் போனபோது மூன்று பேரும் வந்திருந்தார்கள். துரத்திவிட்ட பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டு அதே பெட்டிகளில் இருந்து நண்டு கழற்றினார்கள். கையெழுத்து வைக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. கத்தி ஒன்றும் நடவாது என்பது தெரிந்துவிட்டது. விட்டுக்கொடுத்தும் நடவாது. முற்பணத்தை அறுக்க ஒரேயொரு வழி உண்டு, உழைத்துக் கழித்துக் கணக்குப் பார்ப்பது; அவரும் பதினாறு வயதில் அப்படித்தான் அறுத்தார்.

“றோய், கொப்பியைக் கொண்டு வா. இந்த மூண்டு பேற்றை கணக்கையும் இப்ப பாக்க வேணும்.”

றோய் வாயைப் பிளந்தான். பெரிய வியாழனுக்கு ஐந்து மாதத்துக்கு மேல் கிடந்தது. நடுவில் கணக்குப் பார்த்த வாடி குருநகரில் கிடையாது. சரக்கு இறக்க வந்த சுபாஸும் மற்றத் தொழிலாளிகளும் நண்டுக் கூடையோடு அப்படியே நின்றார்கள். வழக்கத்தை முறிக்கிறீர்களோ என்று ஒரு கிழவர் கேட்டும் விட்டார். என் வாடி, நான் முறிக்கிறேன் என்றார் செபநாயகம்.

ஆனால் றோயின் கொப்பியில் முழுக் கணக்கு இல்லை. சில நாட்கள் எழுதியிருந்தான், சில நாட்களை ஞாபகத்தில் விட்டிருந்தான், பெரிய வியாழன் வரும்போது குத்துமதிப்பாகப் போட்டுக்கொள்ளலாம் என்று. அவன் விரலை மடக்கி மடக்கி விரித்துக்கொண்டு நிற்க, வரிசையின் கடைசியிலிருந்து சின்னக் குரல் ஒன்று வந்தது.

“நான் எழுதி வைச்சிருக்கிறன், அப்பு.”

ஜெசிதா கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் பையிலிருந்து கணிதக் கொப்பியை எடுத்தாள். முன்பக்கமெல்லாம் ரீச்சரின் குரலைக் கேட்டு வீட்டில் போய்ச் செய்த கணக்குகள். கடைசிப் பக்கத்தில் ஐந்து ஐந்தாகக் கட்டின கோடுகள், ஒவ்வொரு கட்டுக்கும் கீழே திகதி. ஞாயிறு இல்லை, கடல் மூசிக் கொந்தளித்த நாட்கள் இல்லை. மற்ற இரண்டு பெடியளுக்கும் பக்கத்திலேயே தனித்தனிக் கோடு போட்டிருந்தாள்.

“நேற்றோடை நூற்றியெட்டு நாள். நாளுக்கு இருநூற்றைம்பது கழிச்சால், போன் காசு தொண்ணூற்றெட்டாம் நாளோடை முடிஞ்சுது. இவை ரெண்டு பேற்றையும் முடிஞ்சுது.”

செபநாயகம் மனத்திலே பெருக்கிப் பார்த்தார். மறுபடியும் பெருக்கிப் பார்த்தார். ஒரு சதம் பிசகவில்லை.

“முடிஞ்சது உனக்கு அண்டைக்கே தெரியுமோ?”

“ஓம்.”

“பிறகேன் வந்தனீ?”

“நடுவிலை கணக்குக் கேக்கிறது மரியாதை இல்லை எண்டு அப்பா சொன்னவர்.”

சுபாஸ் கூடையைக் கீழே வைத்தான். அவனுக்கும் அது புதுச் செய்தி என்பது முகத்தில் தெரிந்தது. செபநாயகம் எத்தனையோ கூட்டங்களில் எழும்பிப் பேசின மனிசன். நண்டுக் கம்பனிக்காரன் முன்னால் மேசையில் அடித்தவர். அன்று அவருக்குச் சொல்ல ஒரு வசனம்தான் இருந்தது. அதைச் சொல்ல அவர் இழக்க வேண்டியது என்னவென்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பத்திரிகையில் வந்த படத்தைச் சட்டம் போட்டு வீட்டு வாசலில் மாட்டியிருந்தார்.

“எல்லாரும் கேளுங்கோ,” என்றார். “நான் பதினொரு போன் குடுத்தனான் எண்டு ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சனான். எட்டுத்தான் குடுத்தனான். மற்ற மூண்டும் இதுகள் தங்கடை கையாலை உழைச்சு வாங்கினது. இதிலை தருமமும் இல்லை, கடனும் இல்லை.”

பிறகு சுபாஸின் பக்கம் திரும்பி, கணக்குச் சரியோ என்று கேட்டார். சுபாஸ் மகளின் கொப்பியை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் மாதிரி ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தான். கடைசிக் கோட்டில் விரல் நின்றது.

“சரி,” என்றான். பிறகு மகளைப் பார்த்து, “நாளைக்குக் காலமை பள்ளிக்கூடம் போய் ரீச்சரைக் கண்டு கையெழுத்தை வை. இனி இஞ்சை வரத் தேவையில்லை” என்றான்.

பெடியளில் ஒருத்தனும் அடுத்த நாள் போய்க் கையெழுத்து வைத்தான். மற்றவன் வைக்கவில்லை. கையில் காசு புழங்கின ருசி அவனை விடவில்லை. செபநாயகம் அவனை ஏசியும் கெஞ்சியும் பார்த்தார், அவன் வேறு வாடிக்குப் போய்விட்டான். விடாமல் படியுங்கள் என்று சொல்லப்போனவரின் கொப்பிதான் அந்தப் பிள்ளையைப் பாதியில் நிற்பாட்டியது.

ஆனால் அது பிறகு நடந்தது. அந்த வியாழக்கிழமை, ஜெசிதா கொப்பியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போகத் திரும்ப, “நில் பிள்ளை, கணக்கு இன்னும் முடியேல்லை” என்றார் செபநாயகம்.

அவள் பயந்து தகப்பனைப் பார்த்தாள்.

“தொண்ணூற்றெட்டுக்குப் பிறகு பத்து நாள் பாதிக் கூலிக்கு நிண்டிருக்கிறாய். மற்றப் பாதி என்னட்டை நிக்குது. கையை நீட்டு.”

அவள் நீட்டினாள். கழுவியும் நண்டு வாசம் போகாத கை, கோடு கோடாய்க் கிழிந்த விரல்கள். அவர் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாத் தாள்களை எடுத்து, தொழிலாளிகள் எல்லோரும் பார்த்து நிற்க, ஒவ்வொன்றாக அந்த உள்ளங்கையில் வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது தாள் விரலில் ஒட்டிக்கொண்டது, உதறிப் பிரித்து வைத்தார். ஐந்து.